மைனஸ் 40 டிகிரியில் ஒரு கம்பெனி: அடுப்பு, காலுறை, சூப்

போர் வரலாறுன்னு சொன்னதும் நம்ம மனசுக்கு முதல்ல வருவது தளபதிகளும் வரைபடங்களும்தான். எந்தப் படை எந்தப் பக்கம் நகர்ந்தது, எந்த ஊர் எந்தத் தேதியில் விழுந்தது, இப்படித்தான் நாம படிச்சிருப்போம். இன்னைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, ரொம்பச் சாதாரணமான ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். பனிக்காட்டில், போர்முனையில் நிற்கிற ஒரு காலாட்படைக் கம்பெனி ஒரு நாள் முழுக்க என்னதான் செய்யும்? எப்போ தூங்குவாங்க? என்ன சாப்பிடுவாங்க? நனைஞ்சு போன காலுறையை எங்கே காயப்போடுவாங்க?

கேட்கும்போது வீட்டு வேலைக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனா ஒரு சின்ன நாடு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை 105 நாள் தாக்குப்பிடிச்சதுக்கு இந்த வீட்டு வேலைக் கணக்கும் ஒரு முக்கியமான காரணம். அந்த நாடு பின்லாந்து. அந்தப் போருக்குக் குளிர்காலப் போர் என்றே பெயர்.

போருக்கு வந்தவர்கள் யார்?

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939 ஆகஸ்டில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் ரகசியப் பகுதியில் பின்லாந்து சோவியத் செல்வாக்கு எல்லைக்குள் விடப்பட்டிருந்தது. லெனின்கிராட் நகரம் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது, அதனால் எல்லையைத் தள்ளி வைக்க வேண்டும் என்று மாஸ்கோ கேட்டது. பேச்சுவார்த்தை முறிந்தது. நவம்பர் 30 அன்று ஹெல்சிங்கி மீது குண்டு விழுந்தது. எல்லை நெடுகச் செம்படை உள்ளே நுழைந்தது.

அப்போது பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 37 லட்சம்தான். நிரந்தரப் படை சின்னது. போருக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் ரிசர்வ் ஆட்கள். விவசாயிகள், மரம் வெட்டுபவர்கள், கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள். எல்லாருக்கும் கொடுக்கச் சீருடைகூட இல்லை. பலருக்குக் கிடைத்தது ஒரு பெல்ட், தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னம், ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். மீதி எல்லாம் அவங்க வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சொந்தத் துணி. அப்போதைய பிரதமர் கயாந்தர். அதனால் இந்த உடைக்குக் 'கயாந்தர் மாடல்' என்று ஜனங்களே கிண்டலாகப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கம்பெனின்னா இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிற கம்பெனி இல்லை. ஏறக்குறைய 200 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு. இதுக்குள்ளே சில பிளட்டூன்கள், ஒவ்வொரு பிளட்டூனுக்குள்ளும் பத்துப் பேர் அளவிலான சின்னக் குழுக்கள். பின்லாந்தில் ஆள் திரட்டியது வட்டாரவாரியாக. அதாவது ஒரு கம்பெனியில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பக்கத்தில் படுத்திருப்பவன் உங்க கூடப் படிச்சவனா இருக்கலாம், உங்க மச்சானா இருக்கலாம். இதை மனசில் வச்சுக்கங்க. கடைசியில் இது மறுபடி வரும்.

எவ்வளவு குளிர்?

உங்க வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்கட்டி வைக்கிற ஃப்ரீசர் இருக்கில்லையா, அது பொதுவா மைனஸ் 18 டிகிரி. 1940 ஜனவரியில் பின்லாந்தின் கிழக்குக் காடுகளில் மைனஸ் 30 சாதாரணம். மைனஸ் 40 வரைக்கும் இறங்கியது. ஃப்ரீசருக்குள்ளே போய் உட்கார்ந்தால் அது கதகதப்பா இருக்கும், அப்படி ஒரு குளிர்.

குளிரோடு இருட்டும் உண்டு. லடோகா ஏரிக்கு வடக்கே டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் சுமார் 5 மணி நேரம்தான். இன்னும் வடக்கே போனால் அதுவும் குறையும். மீதி நேரம் எல்லாம் இருட்டு, பனி, ஊசியிலை மரக்காடு.

அந்த லடோகா ஏரிக்கு வடக்கே கொல்லா என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பின்லாந்துப் படை நின்றது. எதிரில் பல மடங்கு பெரிய சோவியத் படை. 34-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டின் 6-ஆம் கம்பெனி அங்கேதான் இருந்தது. தளபதி ஆர்னே யூட்டிலைனன். முன்பு பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து மொராக்கோவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். கொல்லா தாங்குமா என்று மேலதிகாரி கேட்டபோது, ஓடச் சொல்லி உத்தரவு வராதவரை தாங்கும் என்கிற மாதிரி அவர் பதில் சொன்னதாக அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு.

தாங்கும் என்று வாயால் சொல்வது சுலபம். அதை எப்படித் தாங்கினார்கள் என்பதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

கூடாரமும் அடுப்புக் காவலும்

போர்முனைக் குழிகளுக்குச் சில நூறு மீட்டர் பின்னால், மரங்களுக்கு நடுவே கூடாரங்கள் இருக்கும். ஒரு கூடாரத்தில் அரை பிளட்டூன், அதாவது சுமார் 20 பேர். நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. அதன் புகைக்குழாய் கூடாரத்தின் உச்சி வழியாக வெளியே போகும். தரையில் பனியை ஒதுக்கிவிட்டு ஊசியிலை மரக்கிளைகளைத் தடிமனாகப் பரப்புவார்கள். அதன் மேல் எல்லாரும் வட்டமாக, கால் அடுப்புப் பக்கம், தலை ஓரத்துப் பக்கம் என்று படுப்பார்கள். சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி.

இதில் ஒருத்தர் மட்டும் தூங்கமாட்டார். அவருக்கு வேலை அடுப்பைப் பார்த்துக்கொள்வது. நெருப்பு அணையக் கூடாது. அதே சமயம் பொறி பறந்து கூடாரம் பற்றிக்கொள்ளவும் கூடாது. இந்த ஆளுக்குப் பின்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் 'கிபினாமிக்கோ'. கிபினா என்றால் தீப்பொறி. மிக்கோ என்பது நம்ம ஊர் முருகன், குமார் மாதிரி சாதாரணமான ஆண் பெயர். 'பொறி முருகன்'னு வச்சுக்கங்களேன். முறை போட்டு மாற்றிக்கொள்வார்கள். எந்தப் பதக்கமும் கிடைக்காத வேலை இது. ஆனா இவர் கண்ணயர்ந்தால் 20 பேர் விறைத்துப் போவார்கள், இல்லையென்றால் எரிந்து போவார்கள்.

விறகு எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பச்சை மரத்தை எரித்தால் புகை எழும்பும். பகலில் அந்தப் புகையை விமானத்திலிருந்து பார்த்தால் அடுத்து குண்டு வரும். அதனால் நின்ற நிலையிலேயே காய்ந்து பட்டுப்போன மரத்தைத் தேடி வெட்டுவார்கள். நன்றாக எரியும், புகை குறைவு. இதை யாரும் ராணுவப் பள்ளியில் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பாதிப் பேர் குளிர்காலத்தில் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள்.

நாள் போகப் போகக் கூடாரத்துக்குப் பதில் நிலத்தடி அறைகள் வந்தன. தரையைத் தோண்டி, மேலே மரக்கட்டைகளை அடுக்கி, மண்ணும் பனியும் போட்டு மூடுவார்கள். மேல்மண் கல் மாதிரி உறைந்திருக்கும்போது தோண்டுவது என்ன பாடு என்று யோசிச்சுப் பாருங்க. கடப்பாரை அடித்தால் பொறிதான் பறக்கும்.

காலும் வியர்வையும்

காவல் குழியில் நிற்பது முறை வைத்து. குளிர் ஏற ஏற அந்த முறையின் நேரம் குறையும். உறைந்து போன ஆளால் பார்க்கவும் முடியாது, சுடவும் முடியாது. ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது உறைபுண்ணின் ஆரம்பம். தனக்கு வருவது தனக்கே தெரியாது, ஏன்னா அந்த இடம் மரத்துப் போயிருக்கும். அதனால் எப்போதும் இன்னொரு ஜோடிக் கண் தேவை.

குளிர்னா குளிர்தான் எதிரின்னு நினைப்போம். அங்கே அதைவிடப் பெரிய எதிரி வியர்வை. பனிச்சறுக்குக் கட்டையில் வேகமாகப் போனாலோ மரம் வெட்டினாலோ உடம்பு வியர்க்கும். அந்த ஈரம் உள்ளாடையில் நிற்கும். வேலையை நிறுத்திய சில நிமிடங்களில் அது உறைய ஆரம்பிக்கும். அதனால் வேலை செய்யும்போது மேல்துணியைக் கழற்ற வேண்டும், வேலை முடிந்ததும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். மைனஸ் 30-இல் சட்டையைக் கழற்றச் சொன்னால் நமக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது பழக்கம்.

பாதத்துக்கும் அதே கவனம். பூட்ஸை ஓர் அளவு பெரிசா போடுவார்கள். உள்ளே இரண்டு மூன்று கம்பளிக் காலுறை, இல்லையென்றால் காலில் சுற்றும் துணி. இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், விரல் போய்விடும். கூடாரத்துக்குள் வந்ததும் முதல் வேலை ஈரக் காலுறையைக் கழற்றி அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவதுதான். 20 பேரின் காலுறை தொங்கும் கூடாரத்தில் வாசனை எப்படி இருந்திருக்கும் என்பதை உங்க கற்பனைக்கே விட்டுடறேன்.

பூட்ஸின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவை பனிச்சறுக்குக் கட்டையில் இருக்கிற ஒற்றை வாரில் நுழைத்தால் போதும், கிளம்பிவிடலாம். சுட ஆரம்பித்தால் அதே வேகத்தில் காலை உருவிக்கொண்டு கீழே படுக்கலாம். கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயன்பட்ட அதே முறைதான்.

துப்பாக்கி வெளியில், ரொட்டி உள்ளே

நீங்க நினைப்பீங்க, துப்பாக்கியைப் பத்திரமா கூடாரத்துக்குள்ளே வச்சுப்பாங்கன்னு. அங்கே வெளியில்தான் வைக்க வேண்டும். குளிர்ந்த இரும்பைச் சூடான இடத்துக்குக் கொண்டுவந்தால் அதன் மேல் நீர் படியும். குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வெளியே வச்சா வியர்க்குமே, அதே மாதிரி. மறுபடி வெளியே எடுத்துப் போனால் அந்த நீர் உறைந்து, துப்பாக்கியின் பாகங்கள் ஒட்டிக்கொள்ளும். சாதாரண எண்ணெயும் குளிரில் கெட்டியாகிவிடும். அதனால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, உலர்ந்த நிலையிலேயே பயன்படுத்துவார்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிற மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிக்கு, தண்ணீரில் உறையாத திரவம் கலக்க வேண்டும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.

ரொட்டிக்கு நேர் எதிர். வெளியே வைத்தால் கோடரியால் வெட்ட வேண்டிய அளவுக்குக் கல்லாகிவிடும். அதனால் கோட்டுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள். கம்பு மாதிரி கருப்பா இருக்கிற ரை தானிய ரொட்டிதான் அங்கே அன்றாட உணவு.

சூடான உணவு குதிரை இழுத்து வரும் நடமாடும் சமையலறையிலிருந்து வரும். சக்கரத்தின் மேல் ஒரு பெரிய அண்டா, கீழே அடுப்பு, மேலே நீண்ட புகைக்குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் பீரங்கி மாதிரியே இருக்கும். அதனால் சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் 'சூப் பீரங்கி'. பட்டாணி சூப், இறைச்சி சூப், கஞ்சி, இவைதான் முக்கியம். இருட்டிய பிறகு மூடிய பாத்திரங்களில் முன்வரிசைக்குக் கொண்டுபோவார்கள். காபியும் உண்டு. போகப் போக அதில் காபிக்கொட்டை குறைந்து, வறுத்த தானியம் கூடியது.

சூப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்றேன். டிசம்பர் 10 இரவு, தோல்வயார்வி பகுதியில் ஒரு சோவியத் பட்டாலியன் காட்டுக்குள் சுற்றி வந்து பின்லாந்துப் படையின் பின்புறத்தைத் தாக்கியது. திட்டம் சரியாகவே போனது. ஆனால் அவர்கள் முதலில் வந்து சேர்ந்த இடம் சமையலறை. அண்டாவில் சாசேஜ் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நாட்கணக்கில் பசியோடு பனியில் நடந்து வந்தவர்கள் அங்கேயே நின்று சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது பின்லாந்து சொல்லும் கதை. அந்த இடைவெளியில் பின்லாந்துத் தளபதி ஆரோ பயாரி, சமையல்காரர்கள், எழுத்தர்கள், வண்டிக்காரர்கள் என்று கையில் கிடைத்த எல்லாரையும் திரட்டி எதிர்த்தாக்குதல் நடத்தினார். இருட்டில், கைக்கெட்டும் தூரத்தில் கொடூரமான சண்டை. அதற்குச் 'சாசேஜ் போர்' என்று வேடிக்கையாகப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அதில் சிரிப்பு வரலை. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு மனிதன் சூப்புக்காக நின்றான் என்றால், அவனை எந்த நிலையில் அனுப்பி வைத்தார்கள்?

சாலையின் மறுபக்கம்

அந்தக் கேள்விக்குப் பதில் வடக்கே, சுவோமுஸ்ஸால்மி பக்கம் ராத்தே சாலையில் கிடைக்கிறது. சோவியத்தின் 44-ஆம் டிவிஷன் உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்டது. காட்டுக்கு நடுவே ஒரே ஒரு ஒடுங்கிய சாலை. டாங்கி, லாரி, பீரங்கி, குதிரை, ஆயிரக்கணக்கான ஆட்கள், எல்லாம் அந்தச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு நின்றன. சாலையை விட்டு இறங்கினால் இடுப்பளவு பனி. பனிச்சறுக்கு தெரிந்தவர்கள் குறைவு. வெள்ளை மேலாடை இல்லை. பலருக்குக் கம்பளி நமுதாவில் செய்த பூட்ஸ்கூடக் கிடைக்கவில்லை.

பின்லாந்துக்காரர்கள் அந்த வரிசையைப் பல இடங்களில் குறுக்கே வெட்டித் துண்டுதுண்டாக்கினார்கள். இந்த முறைக்கு 'மோட்டி' என்று பெயர் வந்தது. மோட்டி என்றால் அவர்கள் ஊரில் வெட்டி அளந்து அடுக்கி வைத்த ஒரு கன மீட்டர் விறகு. பாருங்க, அங்கேயும் விறகுதான்.

வெட்டப்பட்ட துண்டுக்குள் இருப்பவனுக்கு என்ன வழி? குளிர் தாங்காமல் திறந்தவெளியில் நெருப்பு மூட்டினால் அந்த வெளிச்சத்தில் அவனே இலக்கு. நெருப்பு மூட்டாவிட்டால் விறைப்பு. சமையல் வண்டிகளைத் தேடித் தேடித் தாக்கினார்கள். உணவு நின்றது. தாக்கியவர்களோ சில மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, பனிச்சறுக்கில் பின்னால் போய், சூடான கூடாரத்தில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு அடுத்த இரவு திரும்பி வந்தார்கள். 1940 ஜனவரி 7-க்குள் 44-ஆம் டிவிஷன் சிதறியது. அதன் தளபதி வினோக்ராதோவ் தப்பித்துத் திரும்பினார். சில நாட்களில் அவர் படையின் முன்னிலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

'ரஷ்யாவுக்குக் குளிர்தான் தளபதி'ன்னு ஒரு பேச்சு நம்ம ஊரிலும் உண்டு. நெப்போலியன் கதையிலிருந்து வந்தது. ராத்தே சாலையில் அந்தத் தளபதி யார் பக்கமும் நிற்கவில்லை. ரெண்டு பக்கமும் ஒரே மைனஸ் 40தான். ஒரு பக்கம் அடுப்பும் உலர்ந்த காலுறையும் முறைவைத்த தூக்கமும் இருந்தது. இன்னொரு பக்கம் டாங்கி இருந்தது.

நீராவிக் குளியல், கடிதம், பேன்

போர்முனைக்குக் கொஞ்சம் பின்னால் நீராவிக் குளியலறை கட்டிவிடுவார்கள். சவுனா. பின்லாந்துக்காரர்களுக்கு அது நம்ம எண்ணெய்க் குளியல் மாதிரி, விட மாட்டார்கள். ஆனா இது சொகுசுக்கு மட்டும் இல்லை. வாரக்கணக்கில் துணி மாற்றாதவர்களுக்குப் பேன் வரும். பேன் அரித்தால் தூக்கம் போகும், நோயும் பரவும். துணியைச் சூட்டில் வைத்தால் பேன் சாகும். முறை வந்தபோது ஒவ்வொரு குழுவாகப் போய் வருவார்கள்.

கடிதம் இலவசம். ராணுவத் தபாலுக்கு ஸ்டாம்ப் வேண்டாம். எங்கே இருக்கிறேன் என்று மட்டும் எழுதக் கூடாது. வீட்டிலிருந்து வரும் பொட்டலத்தில் பின்னிய காலுறை, கையுறை இருக்கும். துப்பாக்கி விசையை இழுக்க ஒரு விரலைத் தனியாகப் பிரித்துப் பின்னிய கையுறைகள் உண்டு. 'லோட்டா ஸ்வார்ட்' என்ற பெண்கள் தொண்டர் அமைப்பு சமைத்தது, தைத்தது, காயப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டது. அந்த அடுப்புக் கணக்கில் பாதி இவர்கள் கையில்தான் இருந்தது.

6-ஆம் கம்பெனியில் ஒரு குள்ளமான விவசாயி இருந்தார். சீமோ ஹாய்ஹா. உலகத்தின் மிகப் பேர்போன ஸ்னைப்பர் என்று இணையத்தில் இவரைப் பற்றிய வீடியோக்கள் நிறைய. 500 பேருக்கு மேல் என்று கணக்கு சொல்வார்கள். அந்த எண்ணைவிட அவர் செய்த சின்னச் சின்ன வேலைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுது. தொலைநோக்கிக் கண்ணாடி வைக்கமாட்டார். குளிரில் கண்ணாடி மங்கும், தலையையும் உயர்த்த வேண்டும். மூச்சுக்காற்று வெண்புகையாகத் தெரியாமல் இருக்க வாயில் பனியை வைத்துக்கொள்வார். துப்பாக்கி முனைக்கு முன்னால் இருக்கிற பனியை அழுத்திக் கெட்டியாக்குவார், சுடும்போது தூள் கிளம்பாமல் இருக்க. எல்லாம் வேட்டைக்காட்டில் கற்ற பொறுமை. மார்ச் 6 அன்று ஒரு குண்டு அவர் தாடையைச் சிதைத்தது. நினைவு திரும்பிய நாள் மார்ச் 13. போர் முடிந்த நாள். அதன்பின் 2002 வரை வாழ்ந்தார்.

கணக்கு உடைந்த இடம்

இதுவரை கேட்டதும், பின்லாந்துக்காரர்கள் ஏதோ குளிரே தெரியாத பிறவிகள் என்று தோன்றலாம். அது சரியில்லை. அவர்களுக்கும் இந்தக் கணக்கு உடைந்தது.

பிப்ரவரியில் சோவியத் படை தன் தவறுகளிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு வந்தது. புதிய தளபதி திமோஷென்கோ, புதிய பயிற்சி, மலைபோல் பீரங்கிக் குண்டுகள். கரேலிய நிலச்சந்தியில் சும்மா என்ற இடத்தில் பிப்ரவரி 11 அன்று பாதுகாப்பு வரிசை உடைந்தது. நாள் முழுக்கக் குண்டு விழும்போது பகலில் அடுப்பு மூட்ட முடியாது. சூப் வரும் குதிரை வழியிலேயே சாகும். உடைந்த பதுங்குகுழியை இரவெல்லாம் கட்ட வேண்டும், காலையில் அது மறுபடி உடையும். மாற்றி அனுப்ப வேறு ஆள் இல்லை. தூக்கமே இல்லாத நாட்கள். குண்டு விழும்போதே நின்றபடி தூங்கினார்கள். குளிர் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. மூன்று மணி நேரம் உலர்ந்த இடத்தில் படுக்கிற வாய்ப்பு மட்டும் போய்விட்டது. அது போனதும் அதே ஆட்கள் தளர்ந்தார்கள்.

கொல்லாவிலும் வரிசை நைந்து போயிருந்தது. ஆனால் அறுந்து போகவில்லை. மார்ச் 13 முற்பகல் 11 மணிக்குச் சண்டை நின்றது.

அங்கே நின்றவர்களுக்கு அடுத்து வந்த செய்திதான் பெரிய அடி. அமைதி ஒப்பந்தப்படி கொல்லா சோவியத் பக்கம் போய்விட்டது. விடாமல் பிடித்து வைத்திருந்த இடத்தை, தோற்காமலே விட்டுவிட்டு மேற்கே நடக்க வேண்டும். அந்தப் பகுதி இன்றும் ரஷ்யாவில்தான் இருக்கிறது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். காலுறை பின்னி அனுப்பிய பல அடுப்படிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின. பின்லாந்துத் தரப்பில் சுமார் 26,000 பேர் இறந்தார்கள். சோவியத் தரப்பில் இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் சேர்த்து 1,26,000-க்கும் மேல் என்று பிற்கால ரஷ்ய ஆய்வு கணக்கிட்டது.

இன்னொரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். படகு வடிவத்தில் ஒரு பனிச்சறுக்கு வண்டி, 'அஹ்கியோ' என்று பெயர். அதில்தான் முன்வரிசைக்குக் குண்டும் சூப்பும் போகும். திரும்பும்போது அதே வண்டியில் காயப்பட்டவனைப் போர்வை சுற்றி இழுத்து வருவார்கள். இறந்தவனையும். பின்லாந்து அந்தப் போரில் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தது: விழுந்தவனைப் போர்முனையிலேயே புதைக்காமல், முடிந்தவரை அவன் ஊருக்குக் கொண்டுபோய், அந்த ஊர்த் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்வது. உறைந்துபோன உடல்களை லோட்டாப் பெண்கள் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைத்தார்கள். ஒரு கம்பெனி ஒரே வட்டாரத்துக்காரர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? ஒரு மோசமான நாளுக்குப் பிறகு ஒரே வட்டாரத்துக்குப் பல பெட்டிகள் சேர்ந்து வந்தன. இன்றும் அந்த நாட்டில் சின்ன ஊர்களுக்குப் போனால் தேவாலயத்தை ஒட்டி வரிசையாக ஒரே மாதிரிக் கல்லறைகளைப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் படுத்தவர்கள் அங்கேயும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த முறை குளிர்காலப் போரைப் பற்றி ஒரு வீடியோ உங்க கண்ணில் பட்டால், அதில் துப்பாக்கியும் வெள்ளை உடையும்தான் தெரியும். அந்த ஆளுக்குப் பின்னால் சில நூறு மீட்டரில், இருட்டில், தூக்கத்தை அடக்கிக்கொண்டு அடுப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்த ஒருத்தரையும் கொஞ்சம் நினைச்சுக்கங்க.